கோல்டன்ஐ 007 – ஏன் இன்னும் அலுக்கவில்லை?

ஒரு வீடியோ கேமின் ஆயுள் எவ்வளவு இருக்கும்? சாதாரண கேம் என்றால் ஆறு மாதம். நல்ல கேம் என்றால் அதன் அடுத்த பாகம் வரும்வரை. அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிக்கிற ஆட்கள்தான். இந்தக் கணக்கில் அடங்காத சில கேம்களும் உண்டு. அவற்றில் ஒன்று 1997 ஆகஸ்டில் நின்டெண்டோ 64 கன்சோலுக்காக வெளிவந்த 'கோல்டன்ஐ 007'. ஜேம்ஸ் பாண்டின் கண் வழியாகவே உலகத்தைப் பார்த்து, துப்பாக்கி பிடித்து ஆடுகிற கேம். எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தக் கன்சோலில் சூப்பர் மரியோ 64, மரியோ கார்ட் 64 இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் விற்ற கேம் இதுதான். 2025-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருக்கும் ஸ்ட்ராங் மியூசியம், உலக வீடியோ கேம்களுக்கான தன் புகழ் மண்டபத்தில் இதையும் சேர்த்துக்கொண்டது.

விற்பனையும் விருதும் ஒரு பக்கம் இருக்கட்டும். என் கேள்வி வேறு. இதைவிட அழகான, வேகமான, பெரிய ஷூட்டர் கேம்கள் எத்தனையோ வந்துவிட்டன. அப்படியிருக்க, இதை ஏன் இன்னும் ஆடுகிறார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் "மலரும் நினைவுகள்". சின்ன வயதில் ஆடியது, அதனால் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு இந்தப் பதில் ஒத்துவரவில்லை. இந்த கேம் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. 2023-இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் இது மறுபடி வந்தபோதுதான் முதன்முதலாகத் தொட்டேன். மலர்வதற்கு என்னிடம் நினைவே கிடையாது :) இருந்தும் பிடித்துப்போனது. ஆகவே காரணம் கேமுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் காரணம் இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்று இந்த கேம் சொல்லும். எப்படிச் செய்வது என்பதை நம்மிடமே விட்டுவிடும். தனியாக ஆடினாலும் சரி, நாலு பேர் சேர்ந்து ஆடினாலும் சரி, மிச்சத்தை முடிவு செய்வது நாம்தான். அப்படி விட்டுவைத்த இடம்தான் இத்தனை வருடமாக வற்றாமல் இருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதல் கேம் செய்தவர்களின் கேம்

பியர்ஸ் பிராஸ்னன் நடித்து, மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கிய 'கோல்டன்ஐ' படம் வந்தது 1995 நவம்பரில். கேம் வந்தது கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து. படத்தை ஒட்டி வரும் கேம்கள் படம் ஓடும்போதே கல்லா கட்டிவிட வேண்டும் என்று அவசரமாகச் செய்யப்படுபவை. இது அந்த வண்டியைத் தவறவிட்டது. தவறவிட்டதுதான் நல்லதாகப் போயிற்று.

செய்தது இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், ட்வைகிராஸ் என்ற கிராமத்துப் பக்கம் இருக்கும் ரேர் என்ற நிறுவனம். குழுத் தலைவர் மார்ட்டின் ஹோலிஸ். குழுவில் பெரும்பாலானோருக்கு இதுதான் முதல் கேம். டேவிட் டோக் என்பவர் உயிர்வேதியியல் ஆராய்ச்சியிலிருந்து வந்து, ரேரில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தவர். அங்கிருந்து இந்தக் குழுவுக்குள் வந்தார். கேமில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நாம் தேடிப்போய்ச் சந்திக்கும் 'டாக்டர் டோக்' அவர் பெயரில் வைத்ததுதான்.

ஆரம்பத்தில் இதை 'வர்ச்சுவா காப்' மாதிரி செய்வதாகத்தான் திட்டம். அதாவது ஆள் தானாக நகர்ந்துகொண்டே இருப்பான், நாம் குறிபார்த்துச் சுட்டால் போதும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுடுகிற மாதிரி. பிறகு அந்தத் தண்டவாளத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆடுபவரை இஷ்டத்துக்கு நடக்க விட்டார்கள். அந்த ஒரு முடிவிலிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

முதலில் இடம், அப்புறம்தான் வேலை

படக்குழு லீவ்ஸ்டனில் போட்டிருந்த செட்டுகளுக்கே ரேர் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். புகைப்படங்களையும் செட்டின் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு கட்டடங்களை உருவாக்கினார்கள். பல லெவல்களில், ஆடுபவர் எங்கே தொடங்குவார், எங்கே முடிப்பார் என்ற யோசனையே இல்லாமல் முதலில் இடத்தைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் காவலர்களையும் வேலைகளையும் உள்ளே வைத்ததாக ஹோலிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இது தலைகீழான முறை. வழக்கமாக ஒரு லெவல் என்பது ஒரு தாழ்வாரம். முன்னால் போனால் சண்டை, இன்னும் போனால் பெரிய சண்டை, கடைசியில் கதவு. எல்லாமே நமக்காகவே கட்டிவைத்தது என்று இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கோல்டன்ஐயில் அப்படி இல்லை. எதற்கும் பயன்படாத அறைகள் இருக்கின்றன. போனால் எதுவும் கிடைக்காத மூலைகள் இருக்கின்றன. நிஜக் கட்டடங்கள் அப்படித்தானே இருக்கும்? நாம் வராவிட்டாலும் இந்த இடம் தன்பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருக்கும் என்ற எண்ணம் வருகிறது. ஓர் உளவாளிக்கு வேண்டியது அந்த எண்ணம்தான்: நமக்குச் சொந்தமில்லாத இடத்துக்குள் நுழைந்திருக்கிறோம்!

'ஃபெசிலிட்டி' என்ற இரண்டாவது லெவலை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்து வந்து, நீங்கள் குதிக்கிற இடம் ஒரு கழிவறை. உலகத்தையே காப்பாற்ற வந்த ஆள் டாய்லெட்டுக்குள் குதிக்கிறார். இதில் சிரிப்பும் இருக்கிறது, நம்பகத்தன்மையும் இருக்கிறது. ரசாயன ஆலை என்றால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கழிவறை வேண்டுமே!

முதல் லெவலான 'டாம்' இன்னும் பெரிய உதாரணம். அணைக்கட்டின் மேல் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் தூரத்தில் ஒரு தீவு தெரியும். அங்கே போக வழியே கிடையாது. திட்டத்தில் இருந்து பாதியில் கைவிடப்பட்ட மிச்சம் அது. ஆனால் ஆடியவர்கள் அதை மிச்சமாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று வருடக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கேமின் நினைவகத்தை மாற்றும் கருவியைச் செருகி, அங்கே போயும் பார்த்தார்கள். உருப்படியாக ஒன்றும் இல்லை. இருந்தாலும், எட்டாத ஒன்றைப் பார்வையில் மட்டும் வைத்துவிட்டால் மனித மனம் என்ன பாடுபடும் என்பதற்கு அந்தத் தீவு ஒன்று போதும்.

கஷ்டம் என்றால் என்ன?

பெரும்பாலான கேம்களில் 'கஷ்டம்' என்று தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? மூன்று குண்டில் விழுந்த எதிரி ஏழு குண்டில் விழுவான். கேம் கஷ்டமானதாக ஆகாது, நீளமாக ஆகும்.

கோல்டன்ஐயில் மூன்று நிலைகள்: ஏஜென்ட், சீக்ரெட் ஏஜென்ட், 00 ஏஜென்ட். மேலே போகப்போக எதிரிகள் கூர்மையாகிறார்கள், நமக்குக் கிடைக்கும் கவசம் குறைகிறது. அதெல்லாம் சரி. முக்கியமான விஷயம், வேலைகள் கூடுகின்றன. அதே அணைக்கட்டில், எளிய நிலையில் உங்கள் வேலை ஒன்றே ஒன்று: உச்சியிலிருந்து கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிப்பது. அடுத்த நிலையில் அலாரங்களையும் உடைக்க வேண்டும். 00 ஏஜென்ட் நிலையில் மோடம் பொருத்த வேண்டும், தகவல்களை இடைமறிக்க வேண்டும், அப்புறம்தான் குதிக்கலாம். முதல்முறை ஓடிக் கடந்த அறைகளுக்குள் இப்போது நுழைந்தே ஆக வேண்டும். "அட, இந்த அறை இதற்குத்தானா!" என்று தோன்றும். ஒரே இடத்தை மூன்று கேமாக மாற்றிவிடுகிறார்கள். ஒரு லெவலுக்குள் பல வேலைகள் என்ற யோசனை சூப்பர் மரியோ 64-இலிருந்து வந்ததாம். மீசைக்காரப் பிளம்பரிடமிருந்து பாண்ட் பாடம் படித்திருக்கிறார் :)

சத்தமும் ஒரு கணக்குதான். சைலன்ஸர் மாட்டிய துப்பாக்கியால் ஒருவனைச் சுட்டால் பக்கத்து அறைக்காரனுக்குத் தெரியாது. இயந்திரத் துப்பாக்கியைப் பொரிந்து தள்ளினால் கூட்டமே ஓடிவரும். கையில் சுட்டால் கையைப் பிடித்துக்கொள்வான், காலில் சுட்டால் நொண்டுவான். ரத்தம் குறைந்தால் தானாக ஊறாது. தவறாக வைத்த ஒவ்வொரு அடியையும் கடைசிவரை சுமந்துகொண்டுதான் போக வேண்டும். ஓரமாக ஒளிந்து பத்து விநாடி மூச்சு வாங்கினால் உடம்பு சரியாகிவிடும் என்ற வசதி பின்னால் வந்த ஷூட்டர்களில்தான் வழக்கமானது. அந்த வசதியில் பயம் போய்விட்டது என்பது என் கட்சி.

நாலு பேர், ஒரு டிவி

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். கோல்டன்ஐ என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது தனியாக ஆடியது அல்ல. ஒரு டிவியை நாலாகப் பிரித்து நாலு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பகுதி முதல் திட்டத்திலேயே இல்லை. கேம் முடியப்போகிற கடைசி மாதங்களில் ஸ்டீவ் எல்லிஸ் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது. மேலிடத்தில் முறையாக அனுமதி கேட்டுச் செய்த வேலையும் இல்லை.

ஆட்ட முறைகளுக்கு பாண்ட் படப் பெயர்களையே வைத்தார்கள். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' என்றால் ஆளுக்கு இரண்டே உயிர். 'லைசன்ஸ் டு கில்' என்றால் ஒரே குண்டில் ஆள் காலி. 'தி மேன் வித் தி கோல்டன் கன்' என்றால் அறைக்குள் ஒரே ஒரு தங்கத் துப்பாக்கி, அதற்காக அடிதடி. ஆயுதமே இல்லாமல் கையால் அறைந்துகொள்கிற முறைகூட உண்டு.

ஆனால் உண்மையான விதிகளை எழுதியது ரேர் அல்ல, அந்தந்த வீட்டு வரவேற்பறைகள். நாலு பேரின் படமும் ஒரே டிவியில் தெரிவதால், அடுத்தவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று எட்டிப் பார்க்கலாம். பார்க்கலாமா கூடாதா? கேம் ஒன்றும் சொல்லாது. அப்புறம் ஆட்ஜாப் பஞ்சாயத்து. 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்து அடியாள் அவர். கேமில் குள்ளமாக இருப்பார். எல்லோரும் சுடும் குண்டு அவர் தலைக்கு மேலே பறக்கும். அவரைத் தேர்ந்தெடுப்பது சாமர்த்தியமா, திருட்டு ஆட்டமா? அதற்கும் கேமில் பதில் கிடையாது. சம்பந்தமே இல்லாத ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத கூட்டங்கள், "ஆட்ஜாப் எடுக்கக் கூடாது" என்ற ஒரே சட்டத்தைத் தாங்களாகவே போட்டுக்கொண்டன. அது ஏமாற்று வேலைதான் என்று படைத்தவர்களே 2018-இல் ஒரு பேட்டியில் தீர்ப்புச் சொன்னார்கள். இருபது வருடம் தாமதமான தீர்ப்பு!

இன்றைய ஆன்லைன் கேமில் ஏதாவது சமமில்லாமல் இருந்தால் கம்பெனி அடுத்த வாரமே அப்டேட் அனுப்பிச் சரிசெய்துவிடும். நல்லதுதான். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து சண்டை போட்டு, சமாதானமாகி, "சரி, இந்த ரூமில் இதுதான் ரூல்" என்று முடிவெடுக்கிற அந்த அனுபவத்தை எந்த அப்டேட்டும் தராது. தெருவில் ஆடும் கிரிக்கெட்டில் எந்தச் சுவரைத் தாண்டினால் அவுட் என்பதை ஐசிசியா முடிவு செய்கிறது? அது மாதிரிதான். கேமில் இருந்த ஓட்டைகளை அடைத்தது மனிதர்களின் பேச்சு. பக்கத்தில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் தோற்பதும், முகம் தெரியாத ஒருவனிடம் தோற்பதும் ஒன்றல்ல. முதலாமவன் நாளைக்கும் உங்களைக் கேலி செய்வான். அதற்காகவே மறுபடி ஆட உட்காருவீர்கள்.

ஒரு விநாடிக்காகப் பதினைந்து வருடம்

ஒவ்வொரு லெவலையும் எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்று கேமே கணக்கு வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால் பரிசாக ஒரு குறுக்குவழி திறக்கும். உதாரணமாக, ஃபெசிலிட்டியை 00 ஏஜென்ட் நிலையில் 2 நிமிடம் 5 விநாடிக்குள் முடித்தால் சாகாவரம் கிடைக்கும். அந்த டாக்டர் டோக் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்பார் என்பதால் அதில் பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம்.

இதை வைத்து ஒரு கூட்டமே விநாடிகளை வேட்டையாடுகிறது. டாம் லெவலை எளிய நிலையில் 53 விநாடியில் 2002-இலேயே முடித்துவிட்டார்கள். அதற்குக் கீழே போவதற்கு 2017 வரை ஆனது. 52 விநாடி. ஒரே ஒரு விநாடியைக் குறைக்கப் பதினைந்து வருடம்! ஓடும்போது தரையைப் பார்த்துக்கொண்டே ஓடுவது இவர்களின் பிரபலமான உத்தி. பார்வையில் பொருட்கள் குறைந்தால் கன்சோல் படத்தை வேகமாக வரையும், கேமும் வேகமாக ஓடும். செய்தவர்கள் இதை ஒரு வழியாகத் திட்டமிடவில்லை. ஆடியவர்கள் கண்டுபிடித்தார்கள். மிச்சத்தை நம்மிடம் விட்டுவிட்டால் இப்படித்தான் நடக்கும்.

குறைகளே இல்லையா?

இருக்கின்றன, நிறையவே. நின்டெண்டோ 64 கன்ட்ரோலரில் இருப்பது ஒரே ஒரு அனலாக் ஸ்டிக். இன்றைக்கு இரண்டு ஸ்டிக்கில் பழகியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் இடது கையால் எழுதுகிற மாதிரி இருக்கும். நாலு பேர் ஆடும்போது இரண்டு வெடி வெடித்தால் படம் திக்கித் திணறும். முகங்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் புகைப்படம் ஒட்டியது மாதிரி. நடாலியா என்ற கதாபாத்திரத்தை நாம் காப்பாற்ற வேண்டிய இடங்களில், சரியாக நம் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்பார். பொறுமையைச் சோதிக்கும் அம்மணி.

அதே ரேர் 2000-இல் செய்த 'பெர்ஃபெக்ட் டார்க்' பல வகையில் இதைவிட வளர்ந்த கேம் என்பதும் உண்மை. கம்ப்யூட்டரே ஆட்டும் எதிராளிகள், இருவர் சேர்ந்து ஆடும் வசதி எல்லாம் அதில் உண்டு. பிசியில் 1998-இல் வந்த 'ஹாஃப் லைஃப்' கதை சொல்வதில் வேறு உயரம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் எளிமை என்ற ஒன்றில் கோல்டன்ஐ பக்கம் யாரும் வரவில்லை. புதிதாக வந்தவன் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சுட ஆரம்பித்துவிடுவான், பத்தாவது நிமிடத்தில் ஆட்ஜாப்புக்காகச் சண்டை போடுவான்.

"ஆயிரம் சொல்லு, கொலை செய்கிற கேம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மரியோவைப் படைத்த மியாமோட்டோவுக்கே அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. கடைசியில் பாண்ட் மருத்துவமனைக்குப் போய், தான் சுட்டவர்கள் எல்லோரிடமும் கைகுலுக்கினால் நன்றாக இருக்குமே என்று யோசனை சொன்னாராம்! அதை அப்படியே செய்யவில்லை. ஆனால் முடிவில் கதாபாத்திரங்களை சினிமா நடிகர்கள் மாதிரி ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார்கள். இதெல்லாம் வேஷம், நாடகம் என்று சொல்லாமல் சொல்வது. நாலு பேர் ஆட்டத்தின் மனநிலையும் அதுதான். செத்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பான்.

பெட்டிக்குள் பூட்டிய கேம்

கடைசியாக, எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம்.

2002-இல் மைக்ரோசாஃப்ட் ரேரை வாங்கிவிட்டது. பாண்ட் உரிமை வேறு ஆட்களிடம். கேமை வெளியிட்டது நின்டெண்டோ. மூன்று சாவி போட்ட பூட்டு. எக்ஸ்பாக்ஸ் 360-க்காகப் புதிய கிராஃபிக்ஸுடன் ஒரு பதிப்பு 2007 வாக்கில் ஏறத்தாழ முடிந்தே விட்டது. உரிமைச் சிக்கலில் அதைக் கிடப்பில் போட்டார்கள். 2021-இல் அது இணையத்தில் கசிந்தபோதுதான் உலகம் பார்த்தது. நடுவில் அந்தப் பெயருக்கு இருக்கும் மவுசைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தவர்களும் உண்டு. 2004-இல் 'கோல்டன்ஐ: ரோக் ஏஜென்ட்' வந்தது. பெயரைத் தவிர பெரிய சம்பந்தம் இல்லை. 2010-இல் வீ கன்சோலுக்கு டேனியல் கிரெய்க் முகத்தோடு புதிதாக ஒன்று செய்தார்கள். மோசமில்லை. ஆனாலும் இன்று யார் பேசுகிறார்கள்?

ஒருவழியாக 2023 ஜனவரி 27-ஆம் தேதி பழைய கேம் எக்ஸ்பாக்ஸிலும் ஸ்விட்ச்சிலும் ஒரே நாளில் வந்தது. ஸ்விட்ச்சில் வந்தது சந்தா கட்டுபவர்களுக்கு, அதிலும் கூடுதல் சந்தா கட்டுபவர்களுக்கு. ஆன்லைனில் ஆடும் வசதி அதில் மட்டும். எனக்கு ஆட வாய்ப்புக் கிடைத்ததே இதனால்தான், அந்த நன்றி இருக்கிறது. ஆனால் சந்தா நின்றால் கேம் நிற்கும். ஒப்பந்தம் முடிந்து அவர்கள் எடுத்துவிட்டால் கேட்க நாதியில்லை. 1997-இல் ஒருவர் கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜோ இன்றைக்கும் செருகினால் ஓடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, எந்த சர்வரும் தேவையில்லை.

இங்கேதான் நம் காலத்துக் கேம்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. சர்வரை அணைத்ததும் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையிலேயே செத்துப்போகும் கேம்கள் எத்தனை! இப்போது பதினைந்து வயதில் இருக்கும் ஒருவன் விரும்பி ஆடும் கேமை, அவன் பிள்ளைக்கு எடுத்துக் காட்ட முடியுமா? கோல்டன்ஐயின் ஈர்ப்பு நீடிக்க நல்ல வடிவமைப்பு மட்டும் காரணமில்லை. அது ஆடுபவர்களின் கைக்கு முழுசாக வந்து சேர்ந்தது. விதியை மாற்றிக்கொள்ளலாம், ஓட்டையைத் தேடலாம், நண்பனுக்குக் கடன் கொடுக்கலாம், பரணில் போட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்து எடுக்கலாம். எட்டாத தீவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு கேமை அழகாகச் செய்ய இன்று பெரும் பணமும் நூற்றுக்கணக்கான ஆட்களும் இருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் திறந்து வைத்து, மிச்சத்தை ஆடுபவரிடம் விட்டுவிடும் துணிச்சல்தான் அரிதாக இருக்கிறது. ட்வைகிராஸில் அனுபவமே இல்லாத ஒரு சின்னக் கூட்டத்துக்கு அது இருந்தது.

ஆட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். தனியாக ஆடாமல் மூன்று பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆட்ஜாப் வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் ஆரம்பிக்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. அப்புறம் நட்பு கெட்டுப்போனால் நான் பொறுப்பில்லை :)